பூனைக்குச் சர்க்கரை: வீட்டிலேயே அளப்பதும் ஊசி போடுவதும்

பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களுக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகை நோயைப் போன்றது. கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் உடலின் தசைகளும் கொழுப்பும் ஈரலும் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. சுரக்கும் செல்களைச் சுற்றி அமிலாய்டு என்ற புரதம் படிகிறது; ரத்தத்தில் கூடிய சர்க்கரையும் அந்தச் செல்களை நசிக்கச் செய்கிறது. நாய்க்கு வருவது வேறு மாதிரி. நாயின் கணையத்தில் இன்சுலின் செல்கள் பெரும்பாலும் அழிந்தே போய்விடுவதால், ஆயுள் முழுக்க ஊசி வேண்டியிருக்கும். பூனையின் செல்களில் ஒரு பகுதி நசிந்து கிடந்தாலும் உயிரோடு இருக்கும். சர்க்கரையைச் சில மாதங்கள் கட்டுக்குள் வைத்திருந்தால் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும் வாய்ப்பு உண்டு. இன்சுலின் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பிய பூனைகள் நிறைய. நோயைக் கேள்விப்பட்டதும் மனமுடைந்து போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பிரிட்டனில் காப்பீடு செய்யப்பட்ட பூனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ 230 பூனைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த நோய் இருந்தது. ஏழெட்டு வயதைத் தாண்டியவை, உடல் பெருத்தவை, வீட்டை விட்டு வெளியே போகாதவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பர்மியப் பூனை இனத்தில் இது மற்றவற்றைவிட அதிகம். தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் நோயைக் கிளப்பிவிடும். பல வாரங்கள் உடலில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசிகளைத் திரும்பத் திரும்பப் போட்ட பூனைகளில் இதைக் காணலாம்.

அறிகுறிகள் கண்ணில் படக்கூடியவைதான். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டில் சிறுநீர் பட்டு இறுகும் கட்டிகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். தட்டுக்கு வெளியே கழித்திருந்தால் அந்த இடத்தில் எறும்பு மொய்க்கும். பூனை நன்றாகச் சாப்பிடும், ஆனால் முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு இளைத்துக்கொண்டே போகும். உடலை நக்கிச் சுத்தம் செய்வது குறைந்து ரோமம் பிசுபிசுக்கும். சில பூனைகளுக்குப் பின்னங்கால் நரம்புகள் பாதிக்கப்படும். விரல் நுனியில் நடக்க வேண்டிய பூனை, பின்னங்காலின் குதிமூட்டு வரை தரையில் பட நடக்கும். மேசைக்குத் தாவப் பார்த்துத் தவறி விழும். இதை வயோதிகம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ இந்த நடை பெரும்பாலும் சீராகும்.

நோயை உறுதி செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நலமாக உள்ள பூனையின் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 70 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். அதே பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் காத்திருப்பு அறையில் உட்கார வைத்து, நான்கு கால்களையும் பிடித்து ரத்தம் எடுத்தால், பயத்தினாலேயே அளவு 200, 300 என்று ஏறிவிடும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனை, கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும். அன்றைய பயம் அதைப் பெரிதாகப் பாதிக்காது.

பயத்தில் ஏறும் இந்தச் சர்க்கரைதான் வீட்டுப் பரிசோதனைக்கான முதல் காரணமும்கூட. மருத்துவமனையில் எடுத்த அளவை நம்பி மருந்தைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து அமைதியானதும் பூனையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் கிளாடியா ராய்ஷும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பூனையின் காது விளிம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மனிதர்கள் பயன்படுத்தும் மாதிரியான சிறு கருவியில் அளக்கும் முறையை ஆராய்ந்து, அதைப் பூனை வளர்ப்போருக்கும் கற்றுக்கொடுத்தனர். மருத்துவப் பயிற்சி இல்லாத பெரும்பாலானோரால் அதைச் செய்ய முடிந்தது. இன்று அது பல நாடுகளில் வழக்கமான முறை. ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிட்டு அளக்கக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவது பாதி மருத்துவம்தான்.

இன்சுலினில் பல வகை. பூனைக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுபவை இரண்டு. ஒன்று கிளார்ஜின், மனிதர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது, லாண்டஸ் போன்ற பெயர்களில் சாதாரண மருந்துக்கடையிலேயே கிடைக்கும். மற்றொன்று பி.இசட்.ஐ. எனப்படும் புரோட்டமைன் துத்தநாக இன்சுலின். பூனைகளுக்கான புரோசிங்க் என்ற தயாரிப்புக்கு அமெரிக்காவில் 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. பன்றி இன்சுலினிலிருந்து செய்யும் கேனின்சுலினும் உண்டு. ஆனால் பூனையின் உடல் இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடுவதால், பல பூனைகளில் அதன் பலன் 12 மணி நேரத்துக்கு நீடிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் புதிதாக நோய் கண்ட 24 பூனைகளை எட்டு எட்டாகப் பிரித்து மூன்று இன்சுலின்களையும் ஒப்பிட்டார்கள். கிளார்ஜின் போட்ட எட்டும் ஊசி தேவைப்படாத நிலைக்கு வந்தன, பி.இசட்.ஐ. போட்டவற்றில் மூன்றும், கேனின்சுலின் வகையைப் போட்டவற்றில் இரண்டும் அந்த நிலையை எட்டின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர்களின் தேர்வை அது மாற்றியது.

கிளார்ஜின் புட்டிக்குள் அமிலத் தன்மையோடு தெளிந்த நீராக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலத் தன்மை நீங்கி நுண்ணிய படிகங்களாக உறைந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். நீடித்து வேலை செய்வது இதனால்தான். இதை வேறு இன்சுலினோடும் தண்ணீரோடும் கலக்கக் கூடாது; கலந்தால் புட்டியிலேயே அந்தத் தன்மை கெட்டுவிடும். கலங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். பி.இசட்.ஐ. இயல்பிலேயே பால் போலக் கலங்கலானது. போடும் முன் புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்ட வேண்டும். எதுவானாலும் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. சித்திரை வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்ததும் அப்படித்தான்.

உயிருக்கே ஆபத்தான தவறு நடப்பது சிரிஞ்சில். இன்சுலினின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறும். இந்திய மருந்துக்கடைகளில் மனிதர்களுக்கான பழைய வகை இன்சுலின் புட்டிகள் பலவும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை. புரோசிங்கும் கேனின்சுலினும் 40 யூனிட்தான். லாண்டஸ் ஒரு மில்லியில் 100 யூனிட். இவற்றுக்கேற்ப சிரிஞ்சுகளும் இரண்டு வகை: 40-க்கானதற்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் புட்டியிலிருந்து நாற்பதுக்கான சிரிஞ்சில் ‘1’ என்ற கோடு வரை எடுத்தால், பூனையின் உடலுக்குள் போவது இரண்டரை யூனிட். பெரிய ஆளுக்கு ஒன்றரை யூனிட் கூடுதலாகப் போனால் பெரும்பாலும் தெரியாது. நான்கு கிலோ பூனைக்கு அது உயிருக்கு உலை வைக்கும். தலைகீழாகச் செய்தால் ஒரு யூனிட்டுக்குப் பதில் 0.4 யூனிட்தான் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும், புட்டியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பையில் போடக் கூடாது.

பூனைக்குத் தொடக்க அளவு பெரும்பாலும் ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. நூறு யூனிட் இன்சுலினில் அது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. சாதாரண நீர்ச் சொட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய அளவில் ஒரு காற்றுக்குமிழியே மருந்தின் பாதி இடத்தைப் பிடித்துவிடும். அதனால் 0.3 மில்லி கொள்ளளவுள்ள, அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட சிரிஞ்சைத் தேடி வாங்குவது நல்லது. ஊசிமுனை மேலே பார்க்கப் பிடித்து, விரல் நகத்தால் சுண்டினால் குமிழி மேலேறும். தண்டை மெல்லத் தள்ளி வெளியேற்றிவிட்டு மீண்டும் கோடு பார்க்க வேண்டும். அரை யூனிட் படிகளில் திருகும் இன்சுலின் பேனாக்களும் உண்டு.

ஊசி போடுவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. முடியை விட மெல்லியது என்று சொல்ல முடியாவிட்டாலும், இன்சுலின் ஊசி மிக நுண்ணியது. பல பூனைகள் சாப்பாட்டில் மூழ்கியிருக்கும்போது அதைக் கவனிப்பதுகூட இல்லை. பிடரியில் போடுவது பழைய வழக்கம். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, திரும்பத் திரும்பக் குத்தினால் தோலும் தடித்துப்போகும். விலாப்பக்கம், தொடைக்கு முன்புள்ள பக்கவாட்டுப் பகுதி, வயிற்றோரம் ஆகியவை மேல். ஒவ்வொரு வேளையும் இடத்தை மாற்ற வேண்டும். இரு விரலால் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில், உடலுக்கு இணையாக ஊசியைச் செலுத்த வேண்டும். அடர்ந்த ரோமமுள்ள பூனையில் ஊசி மடிப்பின் மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் கொட்டிவிடுவதும் உண்டு. விரலால் தடவினால் ஈரம் தெரியும், இன்சுலினுக்கே உரிய மருந்து வாடையும் அடிக்கும். அப்போது எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளை வரை காத்திருக்க வேண்டும். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரட்டை அளவு போனால் பூனை பிழைக்காமல் போகலாம். ஒரே வீட்டில் கணவன் ஒரு முறையும் மனைவி ஒரு முறையும் போட்டுவிடும் விபத்தைத் தடுக்க, போட்டவுடன் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் தாளில் நேரத்தைக் குறித்துவிடுவதே போதும்.

ஊசிக்கு முன் அளவு எடுக்க வேண்டும். பூனையின் காதுமடலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அதன் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய சிரை ஓடுவது தெரியும். குத்த வேண்டியது அந்தச் சிரையை அல்ல. சிரைக்கும் விளிம்புக்கும் நடுவேயுள்ள குறுகிய பட்டையை. அங்கே நுண்குழாய்கள் நிறைய உண்டு, நரம்பு குறைவு. முதல் நாட்களில் ரத்தம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காதின் குளிர்ச்சியே காரணம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ, ஒரு காலுறைக்குள் அரிசி போட்டுச் சூடுபடுத்தியதையோ, தன் கன்னத்தில் வைத்துச் சூட்டைச் சோதித்துக்கொண்டு, அரை நிமிடம் காதில் ஒற்றியெடுத்தால் காது வெதுவெதுப்பாகிச் சிவக்கும். அந்த இடத்தில் வாசலின் மிக மெல்லியதாகத் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். ஸ்பிரிட் தடவ வேண்டாம். எரிச்சல் தரும், ரத்தத்தோடு கலந்து அளவையும் கெடுக்கும்.

காதின் உட்புறத்தில் மடித்த பஞ்சையோ டிஷ்யூவையோ விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறத்தில் லான்செட் என்ற சிறு குத்தூசியால் ஒரே குத்து. தாங்கிப் பிடிப்பது காது வளையாமல் இருக்கவும், ஊசி மறுபக்கம் வந்து தன் விரலைத் தைக்காமல் இருக்கவும். லான்செட்டைச் சொடுக்கும் பேனா ஓசையில் சில பூனைகள் திடுக்கிடும். அப்படியானால் லான்செட்டைக் கையாலேயே பிடித்துக் குத்தலாம். கடுகளவு ரத்தம் போதும். கருவியை இன்னொரு கையில் தயாராக வைத்து, அதில் செருகிய சோதனை ஸ்ட்ரிப்பின் நுனியால் சொட்டின் ஓரத்தைத் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். சொட்டின் மேல் அழுத்தக் கூடாது. பூனை தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால், சொட்டைத் தன் கட்டைவிரல் நகத்தில் எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிட்டு, நகத்திலிருந்து ஸ்ட்ரிப்பில் உறிஞ்ச வைக்கலாம். அனுபவப்பட்டவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பின்பு காதை டிஷ்யூவால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கன்றிக் கறுக்கும். கடைசியாகப் பூனைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று: வேகவைத்த கோழித் துணுக்கோ உப்பில்லாத மீன் துணுக்கோ. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விரிப்பில் செய்தால், ஓரிரு வாரங்களில் பல பூனைகள் தாமாகவே வந்து உட்காரும். காதில் இணங்காத பூனைக்கு முன்னங்கால் பாதத்தின் மெத்தைப் பகுதியிலும் எடுக்கலாம்.

கருவி குறித்து ஒரு விஷயம். மனிதனின் ரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ 58 விழுக்காடு பிளாஸ்மாவிலும் 42 விழுக்காடு சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனையில் 93 விழுக்காடு பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. மனிதர்களுக்காகக் கணக்கிடப்பட்ட கருவி இதனால் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குக் கருவிகள் பூனைக்கென்றே அளவு திருத்தப்பட்டவை, ஆனால் அவற்றின் ஸ்ட்ரிப் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. சாதாரண குளுக்கோமீட்டரே போதும் என்று முடிவு செய்தால் அதில் தவறில்லை. குறைத்துக் காட்டுவதால் எச்சரிக்கையின் பக்கமே சாயும். ஆனால் எந்தக் கருவி என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், நடுவில் கருவியை மாற்றக் கூடாது. காலாவதியான ஸ்ட்ரிப்பும் மூடி திறந்து கிடந்த டப்பாவில் இருந்த ஸ்ட்ரிப்பும் பொய் சொல்லும்.

ஒரு வேளை அளவு, ஊசி போடலாமா கூடாதா என்பதை மட்டுமே சொல்லும். மருந்தின் அளவு சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வீதம் 12 மணி நேரம் அளந்து ஒரு வரைகோடு போட வேண்டும். உதாரணத்துக்கு, காலை 7 மணிக்கு 340, ஒன்பதுக்கு 290, பதினொன்றுக்கு 190, பகல் ஒன்றுக்கு 120, மூன்றுக்கு 140, ஐந்துக்கு 220, இரவு 7-க்கு 310 என்று வந்தால், அந்த அளவு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். மிகக் கீழே இறங்கிய புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. பூனையின் சிறுநீரகம் ஏறத்தாழ 270-ஐத் தாண்டினால்தான் சர்க்கரையைச் சிறுநீரில் விடும். நாளின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருந்தால் தாகமும் இளைப்பும் நின்றுவிடும். இப்போது வேறொரு பூனையை எண்ணிப் பார்க்கலாம்: அதே காலை 340, ஆனால் பகல் ஒரு மணிக்கு 55. காலை எண்ணை மட்டும் பார்த்தவர் மருந்தைக் கூட்டுவார். பகல் எண்ணைப் பார்த்தவர் குறைப்பார். குறைப்பதே சரி. பூனைகளுக்கு மருந்து மிஞ்சிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரைகோடு போட நேரமில்லாதவர்கள், ஊசிக்கு முன் ஒன்றும் பிறகு ஐந்தாறு மணி நேரம் கழித்து ஒன்றுமாக அளந்தால்கூடப் பாதி உண்மை தெரிந்துவிடும்.

மருந்தளவை மாற்றுவது மருத்துவரின் முடிவு. கால் அல்லது அரை யூனிட் படிகளில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து முதல் ஏழு நாட்கள் பொறுத்துப் பார்த்துத்தான் அவர் மாற்றுவார். ஒரு நாள் 380 வந்துவிட்டதே என்று பதறி அன்றே கூட்டுவது தீமையிலேயே முடியும். ஊசிக்கு முந்தைய அளவு குறைவாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தொடக்க வாரங்களில் 200-க்குக் கீழே இருந்தால் தங்களைக் கேட்காமல் போட வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றாலும் ஊசிக்கு முன் அவரை அழைப்பதே முறை.

அளவு 60-க்குக் கீழே இறங்குவது அபாயம். பூனை தள்ளாடும், திடீரென வெறியோடு சாப்பாடு கேட்கும், அல்லது ஒரு மூலையில் ஒடுங்கிக் கண்மணி விரிந்து வெறித்துப் பார்க்கும். பின்பு தசைகள் துடிக்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும். சில பூனைகள் எந்த அறிகுறியும் காட்டாமலே இறங்கிவிடும். அளக்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பூனை விழித்திருந்து விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். கூடவே தேனோ, குளுக்கோஸ் மாவைக் குழைத்ததோ, சர்க்கரைப் பாகோ நாக்கில் தடவலாம். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். விரலில் தேனைத் தொட்டு ஈறில் மட்டும் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வலிப்பின்போது வாய்க்குள் விரல் விடுவதும் ஆபத்து. தேன் ஏற்றும் சர்க்கரை சிறிது நேரமே நிற்கும், இன்சுலினோ இன்னும் சில மணி நேரம் வேலை செய்யும். பூனை எழுந்து நடந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகாமல், கால் மணிக்கு ஒரு முறை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்து கீட்டோன். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. அதன் கழிவான கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்குகின்றன. சாப்பாட்டை மறுத்தல், வாந்தி, சோர்ந்து கிடத்தல், மூச்சில் நெயில் பாலிஷ் அழிப்பான் போன்ற வாடை ஆகியவை அறிகுறிகள். மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பை மணல் தட்டில் கழிக்கும்போது சிறுநீரில் காட்டிப் பார்க்கலாம். நிறம் மாறினால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை, அன்றே மருத்துவமனை.

தினமும் குத்த முடியாதவர்களுக்குச் சென்சார் உண்டு. மனிதர்கள் புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரேயைப் பூனையின் தோள்பட்டைகளுக்கு இடையிலோ விலாவிலோ ரோமத்தை மழித்து ஒட்டுகிறார்கள். பதினான்கு நாட்களுக்கு என்று செய்யப்பட்டது, பூனையில் பெரும்பாலும் அதற்கு முன்பே கழன்றுவிடும். அது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திரவத்தை அளப்பதால் சர்க்கரை வேகமாக மாறும்போது சற்றுப் பின்தங்கும். இரவில் இறங்கும் சர்க்கரையைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு நிகரில்லை. இருந்தாலும் சென்சார் மிகக் குறைவாகக் காட்டும்போது காதில் ஒரு முறை அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது.

உணவு மருந்துக்குச் சமம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதற்குக் குறைவு. பையில் வரும் உலர் தீவனம் பெரும்பாலும் மாவுச்சத்து நிறைந்தது. டப்பாவிலோ பையிலோ வரும் இறைச்சிக் கூழில் அது குறைவு. நம் வீடுகளில் பூனைக்கு வைக்கும் பால்சோறும் மீன் பிசைந்த சோறும் சர்க்கரைப் பூனைக்கு ஆகாது. மீனை மட்டும் வைக்கலாம், சோற்றை நிறுத்த வேண்டும். ஆனால் வெறும் மீனோ கோழியோ மட்டும் வாரக்கணக்கில் கொடுத்தால் மற்றச் சத்துகள் குறைந்துவிடும் என்பதால் முழுச்சத்து ஈர உணவே அடிப்படையாக இருக்க வேண்டும். இன்சுலின் தொடங்கிய பிறகு உணவை ஒரே நாளில் மாற்றக் கூடாது. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும்; பழைய அளவே போட்டால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். பருத்த பூனையைப் பட்டினி போடுவதும் கூடாது, ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை வாங்கும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு குறைவதே நல்ல வேகம்.

எவ்வளவு கூட்டினாலும் சர்க்கரை இறங்காத பூனைகள் உண்டு. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி ஆகியவை இன்சுலினுக்குத் தடையாக நிற்கும். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி இயக்குநீர் மிகையாகச் சுரக்கும் நிலையும் நினைத்ததைவிட அதிகம். லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 1,200-க்கும் மேற்பட்ட சர்க்கரைப் பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றில் அதற்கான அடையாளம் தெரிந்தது. இளைக்க வேண்டிய பூனை எடை கூடிக்கொண்டே போனால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊசி இல்லாத வழியும் வந்துவிட்டது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் பெக்ஸாகாட் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும், சென்வெல்கோ என்ற திரவ மருந்துக்கு 2023-இலும் ஒப்புதல் கிடைத்தது. மற்றபடி நலமாக உள்ள, முன்பு இன்சுலின் போடாத பூனைகளுக்கே அவை. அவற்றில் ஒரு பொறி இருக்கிறது: ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் நிலை வந்துவிடக்கூடும். அதனால் மாத்திரை கொடுப்பவர்களும் கீட்டோனைச் சோதித்தே ஆக வேண்டும்.

ஊசி தேவைப்படாத நிலைக்கு எத்தனை பூனைகள் வருகின்றன? கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அடிக்கடி அளந்து கிளார்ஜின் போட்ட 55 பூனைகளில் 64 விழுக்காடு அந்த நிலையை எட்டின. நோய் கண்ட ஆறு மாதங்களுக்குள் இந்தக் கடுமையான கண்காணிப்பைத் தொடங்கியவற்றில் 84 விழுக்காடு. அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 விழுக்காடு. இந்த இடைவெளி ஒன்றே, ‘கொஞ்ச நாள் உணவை மாற்றிப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது எவ்வளவு தவறு என்பதைக் காட்டும். அந்த நிலை நெருங்கும்போது ஊசிக்கு முந்தைய அளவுகள் தாமாகவே 150, 120 என்று இறங்கி வரும். மருத்துவர் யூனிட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அளக்காத வீட்டில் இந்த நல்ல செய்தி தெரியாமலே போகும், பழைய அளவு ஊசியே பூனையைச் சாய்த்துவிடும்.

பயன்படுத்திய சிரிஞ்சும் லான்செட்டும் குப்பை அள்ளுபவரின் கையைக் கிழிக்காதபடி கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மருத்துவமனையிலேயே ஒப்படைக்க வேண்டும். ஊசி நின்ற பூனைக்கும் குறைந்த மாவுச்சத்து உணவைத் தொடர வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது காதில் அளந்து குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பகுதி பூனைகளுக்கு நோய் மீண்டும் வரும். அரிப்புக்கோ இருமலுக்கோ வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால், அவர் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே, இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.